புயல் அடிச்சா வேலை திறக்கும்: கடல், வானிலை ஆராய்ச்சி வேலைகளின் 150 வருஷக் கதை

இன்னைக்கு எபிசோட் வழக்கத்தை விடக் கொஞ்சம் நீளம். டிராஃபிக்ல இருக்கீங்கன்னா வசதி.

இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறவங்கள்ல நிறைய பேர் என்னை மாதிரியே ஐ.டி. வேலையில இருக்கீங்க. உங்ககிட்ட இருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "க்ளைமேட் சயின்ஸ்ல ஆராய்ச்சி வேலைக்குப் போகணும்னு ஆசை. ஆனா நான் படிச்சது வேற. இப்போ உள்ளே போக முடியுமா?"

கரியர் கவுன்சலிங் பண்ண நான் ஆள் இல்லை. ஆனா கேள்வியை வரலாறு பக்கம் திருப்பலாம். இந்தியாவுல கடலையும் காற்றையும் மழையையும் ஆராய்ச்சி பண்றதுக்குன்னு சம்பளம் கொடுத்து ஆள் வெச்சது எப்போ? யாரை வெச்சாங்க? யாரை வாசல்லயே நிறுத்தினாங்க? இதைப் பார்த்தா ஒரு விஷயம் தெளிவாத் தெரியுது. முதல்ல ஒரு பெரிய அழிவு நடக்கும். அப்புறம்தான் வேலை உருவாகும். அந்த வேலைக்குப் பொருத்தமான டிகிரி வெச்சிருக்கிற ஆள் யாருமே இருக்க மாட்டாங்க, ஏன்னா அப்படி ஒரு துறையே அப்போ இல்லை. வேற ஏதோ படிச்ச ஒருத்தர் உள்ளே வந்து, துறையையே கட்டி எழுப்பிட்டுப் போவார்.

கேட்க நம்பிக்கையா இருக்கு இல்லையா? ஆனா இந்தக் கதையில ஒரு கசப்பும் இருக்கு. அதையும் சொல்றேன்.

முதல் ஆள் ஒரு பாறை நிபுணர்

1864 அக்டோபர் 5. கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. ஏறத்தாழ 60,000 பேர் இறந்தாங்கன்னு கணக்கு. அடுத்து பருவமழை பொய்த்து 1866ல் பஞ்சம் வந்தது. ஒரிசாவில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியில செத்தாங்க. 1871ல் மறுபடியும் மழை பொய்த்தது. இவ்வளவுக்கும் அப்புறம் 1875ல்தான் பிரிட்டிஷ் அரசு இந்திய வானிலைத் துறையை ஆரம்பிச்சது. இன்னைக்கு மழை வந்தா நாம திறந்து பார்க்கிற அதே ஐ.எம்.டி.

அதுக்கு முன்னாடியும் இங்கே வானிலை பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க. "நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் மழை"ன்னு நியூஸ்ல கேட்கறோமே, அந்த இடத்துல 1792லயே மெட்ராஸ் வானாய்வகம் வந்துடுச்சு. ஆனா அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருந்த பதிவுகளைச் சேர்த்து, மொத்தமா உட்கார்ந்து யோசிக்க ஒரு சம்பளக்காரர் இல்லை.

அந்த முதல் சம்பளக்காரர் ஹென்றி பிளான்ஃபோர்ட். அவர் வானிலை படிச்சவரா? இல்லை. புவியியல் ஆய்வுத் துறைக்காரர். இந்தியாவுக்கு வந்தது பாறைகளைப் பார்க்க. நம்ம அரியலூர்ப் பக்கம் நத்தைக்கூடு, சிப்பின்னு கடல் புதைபடிவங்கள் கிடைக்குது இல்லையா? அந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு மூணு அடுக்காப் பிரிச்சு எழுதினது இவர்தான். ஒரு காலத்துல கடலா இருந்த நிலத்தைப் படிச்சவர், அப்புறம் கடல்ல இருந்து வர்ற மழையைப் படிக்கப் போனார்.

வேலையில சேர்ந்து ஒரு வருஷம் கூட நிம்மதியா இல்லை. 1876ல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. நம்ம ஊர்ல பாட்டி, கொள்ளுப்பாட்டி வழியா இன்னும் பேர் மறையாம இருக்கிற பஞ்சம் அது. 1878 வரைக்கும் நீடிச்சு, 50 லட்சம் பேருக்கு மேல பலி வாங்கியது. மெட்ராஸ் மாகாணம்தான் அதோட மையம். சென்னைக்குள்ள அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, பஞ்சத்துல தவிச்ச மக்களைக் கூலிக்கு வெச்சு நிவாரண வேலையா வெட்டினது.

பஞ்சத்துக்கு மழை மட்டும் காரணம் இல்லை. ஜனங்க செத்துக்கிட்டு இருந்தப்பவே தானியம் கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்தது. அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தலை. ஆனா "அடுத்த வருஷம் மழை வருமா வராதான்னு முன்கூட்டியே சொல்லு"ன்னு பிளான்ஃபோர்டைக் கேட்டது. வானிலை ஆராய்ச்சிக்கு அரசாங்கம் ஏன் காசு கொடுக்குதுங்கற கேள்விக்கு இது ஒரு நேர்மையான பதில். தன்னோட கொள்கையை மாத்தறதை விட, வானத்தைக் கணிக்க ஒரு ஆளை வெக்கறது சுலபம். இன்னைக்கும் இது பொருந்துமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

பிளான்ஃபோர்ட் என்ன பண்ணார்னா, இமயமலைப் பனியைப் பார்த்தார். குளிர்காலத்துல பனி அதிகமா விழுந்தா அடுத்த பருவமழை குறையும்னு ஒரு தொடர்பைக் கண்டார். 1882ல் இருந்து சோதனையா கணிச்சுப் பார்த்துட்டு, 1886 ஜூன் 4 அன்று முதல் அதிகாரபூர்வ நீண்டகாலப் பருவமழைக் கணிப்பு வந்தது. பாறை படிச்சவர் போட்ட கணக்கு.

கோரிலேஷன் போட்ட குமாஸ்தாக்கள்

அவருக்கு அப்புறம் வந்தவர் ஜான் எலியட். 1899ல் அவர் சராசரிக்கு மேல மழைன்னு கணிச்சார். வந்தது கடும் வறட்சி. மறுபடியும் பஞ்சம், மறுபடியும் லட்சக்கணக்குல சாவு.

எலியட் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணிதத்துல முதல் இடம் வாங்கினவர். பூமராங் எப்படித் திரும்பி வருதுன்னு ஆராய்ச்சி பண்ணினதால "பூமராங் வாக்கர்"னு நண்பர்கள் கூப்பிடுவாங்களாம். வானிலை அனுபவம்? பூஜ்யம். வேலையில உட்கார்றதுக்கு முன்னாடி ஐரோப்பா, அமெரிக்காவுல இருந்த வானிலை மையங்களைச் சுத்திப் பார்த்துட்டு வந்தார். 1904ல் துறைத் தலைவர் ஆனார். 1924 வரைக்கும் இருந்தார்.

நம்ம ஆட்கள் இந்த இடத்துல காதைத் தீட்டிக்கணும். வாக்கர் பண்ணது, இன்னைக்கு நாம டேட்டா சயின்ஸ்னு சொல்ற வேலை. காரணம் தெரியலையா? பரவாயில்லை. உலகம் முழுக்க இருக்கிற அழுத்தம், வெப்பநிலை, மழைப் பதிவுகளை எல்லாம் எடுத்து, எது எதோட சேர்ந்து ஏறி இறங்குதுன்னு பார்ப்போம்னு கிளம்பினார். நூற்றுக்கணக்குல கோரிலேஷன். கால்குலேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. யார் போட்டாங்க இந்தக் கணக்கை? அலுவலகத்துல இருந்த இந்திய குமாஸ்தாக்கள். காகிதம், பேனா, வாய்ப்பாடு. வாக்கரோட புகழ்பெற்ற 'வேர்ல்ட் வெதர்' கட்டுரைகளோட தலைப்புக்குக் கீழே வாக்கர் பேர் இருக்கும். கணக்குப் போட்டவங்க பேர் அங்கே இருக்காது.

அதுல கிடைச்சதுதான் தென் அலைவு. பசிபிக் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறினா இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும், இது இறங்கினா அது ஏறும். ஒரு பெரிய சீசா. ஏன் அப்படின்னு வாக்கருக்குத் தெரியாது. 1969ல் யாக்கப் பியர்க்னஸ்ங்கற விஞ்ஞானிதான் அதைப் பசிபிக் கடலோட வெப்பத்தோட, அதாவது எல் நினோவோட இணைச்சு விளக்கினார். அந்தக் காற்றுச் சுழற்சிக்கு 'வாக்கர் சர்குலேஷன்'னு பேர் வெச்சார். வாக்கர் அப்போ உயிரோட இல்லை, 1958லயே இறந்துட்டார். இன்னைக்கு "இந்த வருஷம் எல் நினோ, மழை குறையலாம்"னு ஹெட்லைன் பார்க்கறீங்களே, அதுக்குப் பின்னாடி பேர் தெரியாத அந்த குமாஸ்தாக்களோட கையெழுத்து இருக்கு.

இன்னொண்ணு. நூறு ஜோடியைப் பார்த்தா சிலது தற்செயலாவே பொருந்தும், அதை நிஜம்னு நம்பிடக்கூடாது, எத்தனை ஜோடி பார்த்தோம்ங்கறதையும் கணக்குல சேர்க்கணும்னு வாக்கர் 1914லயே எழுதினார். மெஷின் லேர்னிங் மாடல் ஓட்டி "செம கோரிலேஷன்"னு குதிக்கிறவங்க எல்லாரும் படிக்க வேண்டியது. பைத்தானோட ஸ்டாட்ஸ்மாடல்ஸ்ல 'யூல்-வாக்கர்'னு ஒரு ஃபங்ஷன் பார்த்திருப்பீங்க. அதே வாக்கர்தான்.

1913ல வளைஞ்ச விதி

இப்போ கதையோட முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

1913 பிப்ரவரி கடைசியில வாக்கர் மெட்ராஸ் வந்தார். துறைமுகக் கழகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங், தன் அலுவலகத்துல வேலை பார்க்கிற ஒரு குமாஸ்தாவோட கணித நோட்டை அவர்கிட்ட காட்டினார். அந்த குமாஸ்தாவுக்கு மாசம் 30 ரூபாய் சம்பளம். பட்டம் கிடையாது, எஃப்.ஏ. பரீட்சையிலயே தோல்வி. பேர் ராமானுஜன்.

வாக்கர் வானிலைத் துறைத் தலைவரா இருந்தாலும் உள்ளுக்குள்ள கணித ஆள். நோட்டைப் பார்த்ததும் தரம் புரிஞ்சது. பிப்ரவரி 26 அன்று மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இவர் பிழைப்பைப் பத்திக் கவலைப்படாம சில வருஷமாவது முழு நேரமும் கணிதம் பண்ண வழி செய்யணும்ங்கறது அதோட சாரம்.

பல்கலைக்கழகத்துக்கு ஒரு சிக்கல். ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கணும்னா முதுகலைப் பட்டம் வேணும்னு விதி. இவர்கிட்ட இளங்கலை கூட இல்லை. ஆனா விதியை ஒதுக்கி வெச்சாங்க. மாசம் 75 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு. அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும்.

கவனிங்க: வாசல்ல ஒரு விதி இருந்தது. ஆனா உள்ளே இருந்த ஒருத்தர் சான்றிதழைப் பார்க்காம வேலையைப் படிச்சுப் பார்த்தார். படிச்சுட்டு ஒரு கடிதம் எழுதினார். கதவு திறந்தது.

1945ல வளையாத விதி

32 வருஷம் தள்ளி வாங்க. அதே பல்கலைக்கழகம், அதே மாதிரி விதி.

அன்னா மணி. 1918ல் திருவிதாங்கூர் பீர்மேட்டுல பிறந்தவங்க. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டுல வைரத் தோடு கொடுத்தப்ப, "இது வேண்டாம், என்சைக்ளோபீடியா வாங்கிக் கொடுங்க"ன்னு கேட்ட பொண்ணு. மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல இயற்பியல், வேதியியல் படிச்சுட்டு, 1940ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல சி.வி. ராமனோட லேப்ல சேர்ந்தாங்க. அங்கே வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உமிழுதுன்னு ஆராய்ச்சி. தோடா வேண்டாம்னு சொன்ன வைரம், லேப் மேஜைக்கு வந்துடுச்சு. 1942ல் இருந்து 1945க்குள்ள அஞ்சு ஆய்வுக் கட்டுரை.

1945 ஆகஸ்ட்ல முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பிச்சாங்க. அப்போ அங்கே பண்ற ஆராய்ச்சிக்குப் பட்டம் கொடுக்க வேண்டியது மெட்ராஸ் பல்கலைக்கழகம். அவங்க பதில்: உங்களுக்கு எம்.எஸ்ஸி. இல்லை, அதனால பி.எச்டி. கிடையாது.

அவ்வளவுதான். அஞ்சு கட்டுரை இருந்தது. முடிச்ச ஆய்வேடு இருந்தது. அதை மதிப்பிட வேண்டியவங்க சான்றிதழ் பட்டியலைப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. ராமானுஜனுக்காக வளைஞ்ச விதி, அன்னா மணிக்காக வளையலை. ஆணுக்கு வளைஞ்சது, பெண்ணுக்கு வளையலைன்னு ஒரே வரியில முடிக்கலாம்தான். அதோட விதியை வளைக்கிற அளவுக்கு உள்ளே யார் வாதாடினாங்கங்கறதும் சேர்ந்தது. இந்த ரெண்டும் அந்தக் காலத்துல தனித்தனி விஷயம் இல்லை.

அப்போ அவங்களுக்கு 27 வயசு. நம்மள்ல பாதிப் பேர் வயசு. இயற்பியல்ல தொடரணும்னு ஆசை. வெளிநாட்டுல பயிற்சி எடுக்க அரசாங்க உதவித்தொகை இருந்தது, ஆனா கிடைச்ச இடம் வானிலைக் கருவிகள்ல மட்டும். சரின்னு எடுத்துக்கிட்டு லண்டன் போனாங்க. 1948ல் சுதந்திர இந்தியாவுக்குத் திரும்பி, புனேவுல ஐ.எம்.டி. கருவிப் பிரிவுல சேர்ந்தாங்க. இந்தியாவோட மிகப் பெரிய வானிலைக் கருவி நிபுணர் உருவானது, கிடைச்ச ஒரே ஓப்பனிங் அதுவா இருந்ததால.

அங்கே என்ன பண்ணாங்க? அப்போ நம்ம நாடு வெப்பமானி, காற்றழுத்தமானி மாதிரி சாதாரணக் கருவிகளைக் கூட வெளியில இருந்துதான் வாங்கிக்கிட்டு இருந்தது. அன்னா மணி ஏறத்தாழ 100 கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே தயாரிக்க வழி பண்ணாங்க. 1953ல் பிரிவுத் தலைவர். அவங்களுக்குக் கீழே 121 ஆண்கள். தப்பான அளவீடு எடுக்கறதை விட அளக்காமலே இருக்கிறது மேல்ங்கறது அவங்க கொள்கை. புரொடக்‌ஷன்ல மோசமான டேட்டாவோட மல்லுக்கட்டினவங்களுக்கு இது விளக்காமலே புரியும்.

1963ல் விக்ரம் சாராபாய் கேட்டு, தும்பா ராக்கெட் தளத்துல வானிலை ஆய்வகம் அமைச்சுக் கொடுத்தாங்க. ஓசோனை அளக்கிற பலூன் கருவி உருவாக்கினாங்க. துணைத் தலைமை இயக்குநரா 1976ல் ஓய்வு. ஓய்வுக்கு அப்புறமும் விடலை. 1980ல் இந்தியாவோட சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு, அடுத்த வருஷம் அது பத்தி இன்னொரு புத்தகம். நாடு முழுக்கப் பல நூறு இடங்கள்ல காற்று வேக அளவீடு. நாகர்கோவில் போற வழியில முப்பந்தல்ல வரிசையா காற்றாலை நிக்குதே, அந்த மாதிரி திட்டங்களுக்கு எந்த ஊர்ல எவ்வளவு காற்று அடிக்கும்னு முதல்ல ஒருத்தர் அளந்து வெச்சிருக்கணும்.

2001ல் இறந்தாங்க. கடைசி வரைக்கும் முனைவர் பட்டம் இல்லை. மறுக்கப்பட்ட அந்த ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தோட நூலகத்துல இருக்கு.

கடலுக்கு ஆள் தேடின கதை

அழிவு இல்லாமலும் ஒரு தடவை வேலை திறந்தது. அது கடல் ஆராய்ச்சியில. 1950கள் வரைக்கும் உலகத்துலயே ரொம்பக் குறைவா ஆராயப்பட்ட கடல் நம்ம இந்தியப் பெருங்கடல்தான். 1959ல் இருந்து 1965 வரைக்கும் சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம்னு ஒண்ணு நடந்தது. பல நாடுகள், ஏறத்தாழ 40 கப்பல்கள். இந்தியா சார்பா போனதுல ஒண்ணு ஐ.என்.எஸ். கிஸ்ட்னா. போர்க்கப்பல்தான், ஆராய்ச்சிக்காக மாத்தி அனுப்பினாங்க. வானிலைப் பக்கத்துக்கு பம்பாய் கொலாபாவுல மையம் போட்டு, ஐ.பி.எம். 1620 கம்ப்யூட்டர்ல தரவைப் போட்டாங்க. குமாஸ்தாக்கள் கையால பண்ணினது மெஷினுக்கு மாறின காலம் இது.

பயணம் முடிஞ்சதும் அதுல பழகின ஆட்களையும் சேர்ந்த தரவையும் என்ன பண்றது? 1966 ஜனவரி 1 அன்று தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. இன்னைக்கு கோவாவுல இருக்கு. முதல் இயக்குநர் என்.கே. பணிக்கர். அவர் விலங்கியல் படிச்சவர். ராமேஸ்வரம் போற வழியில மண்டபத்துல இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வளர்ந்தவர். மீன் படிச்சவர் கடல் நிறுவனத்தைக் கட்டினார். அந்த நிறுவனத்துல வேலை பார்த்த அதிதி பந்த், 1983ல் கிளம்பின பயணத்துல அண்டார்க்டிகா போன முதல் இந்தியப் பெண்கள் ரெண்டு பேர்ல ஒருத்தர்.

இதுக்கு நடுவுல 1962ல் புனேவுல வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சிக்குன்னு தனி நிறுவனம் வந்தது. 1971ல் அங்கே வந்து சேர்ந்தவங்க சுலோசனா காட்கில். ஹார்வர்டுல கணிதத்துல முனைவர் பட்டம். வெளிநாட்டுல படிச்சுட்டு வர்றவங்களைத் தற்காலிகமா வெச்சுக்க சி.எஸ்.ஐ.ஆர். ஒரு 'பூல் ஆபீசர்' திட்டம் வெச்சிருந்தது. நிரந்தர வேலை கிடைக்கிற வரைக்கும் கால் ஊன்ற ஒரு இடம். அதுலதான் வந்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனாங்க. 1980ல் டி.ஆர். சிக்காவோட சேர்ந்து செயற்கைக்கோள் படங்களை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை எழுதினாங்க. பருவமழைன்னா நிலம் சூடாகி, கடல்ல இருந்து காற்றை இழுக்கிற ஒரு ராட்சதக் கடற்காற்றுன்னு நாம ஸ்கூல்ல படிச்சோம் இல்லையா? பூமத்திய ரேகைப் பக்கம் இருக்கிற மேகப் பட்டை வடக்கே நகர்ந்து வர்றதுதான் பருவமழைங்கற பார்வைக்கு அந்தக் கட்டுரை பலமான ஆதாரம் கொடுத்தது. அப்புறம் கர்நாடகத்துல பாவகடா பக்கம் நிலக்கடலை விவசாயிகளோட உட்கார்ந்து, எப்போ விதைச்சா மழையோட பொருந்தும்னும் ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரு தற்காலிக போஸ்ட் ஒழுங்கா வேலை செஞ்சா எங்கே கொண்டு போய் விடும்ங்கறதுக்கு இது உதாரணம்.

ரெண்டு மணி நேரம்

2004 டிசம்பர் 26. இதைப் பத்தி நம்ம ஊர்ல யாருக்கும் விளக்கத் தேவை இல்லை. தமிழ்நாட்டுல மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். சுமத்ராவுல நிலநடுக்கம் வந்து, அலை நம்ம கரைக்கு வர்றதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்தது. நாகப்பட்டினத்துல, மெரினாவுல இருந்தவங்க ஓடித் தப்பிக்கப் போதுமான நேரம். ஆனா இந்தியப் பெருங்கடலுக்குன்னு எச்சரிக்கை அமைப்பே இல்லை. சென்னை பள்ளிக்கரணையில தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1993ல் இருந்து இருக்கு. ஹைதராபாத்துல இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையம் 1999ல் இருந்து இருக்கு. அறிவு இருந்தது, ஆட்கள் இருந்தாங்க. இதுக்குன்னு வேலை உருவாக்கப்படலை.

அப்புறம்? 2006ல் புவி அறிவியலுக்குத் தனி அமைச்சகம். 2007 அக்டோபர்ல இன்காய்ஸ்ல சுனாமி முன்னெச்சரிக்கை மையம், 24 மணி நேரமும் ஆள். 1864, 1875. 2004, 2007. இடைவெளி குறைஞ்சிருக்கு, அது முன்னேற்றம்தான். வரிசை மட்டும் மாறலை: முதல்ல சாவு, அப்புறம் வேலை.

இன்னைக்கு வர்ற அறிவிப்புகள்

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். இன்னைக்கு இந்த நிறுவனங்களோட வேலை அறிவிப்பைத் திறந்தீங்கன்னா நிறைய வர்றது 'ப்ராஜெக்ட் சயின்டிஸ்ட்' 1, 2, 3 பணியிடங்கள். தகுதின்னு பார்த்தா வளிமண்டல அறிவியல், கடலியலோட இயற்பியல், கணிதம் முதுகலையும் இருக்கும். பள்ளிக்கரணை மாதிரி இடங்கள்ல மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியாளர்களையும் எடுக்கறாங்க. முனைவர் பட்ட வழியில போகணும்னா கேட், நெட் பக்கம் வரணும். புனே நிறுவனம் வழியா அமைச்சகத்தோட ஆய்வு மாணவர் திட்டமும் இருக்கு. ஆக, வேற படிச்சவங்களுக்குக் கதவு மூடலை. வரலாறு முழுக்கவே மூடினது இல்லை.

நம்ம ஸ்கில்லுக்குத் தேவையும் இருக்கு. பருவநிலை மாடல்கள் பெரும்பாலும் ஃபோர்ட்ரான்ல லட்சக்கணக்கான வரி. தரவை அலச பைத்தான். 2024 செப்டம்பர்ல புனேவுல 'அர்கா', நொய்டாவுல 'அருணிகா'ன்னு ரெண்டு சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. அதே மாசம் 2,000 கோடி ரூபாய்ல 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு அனுமதி. கடல்ல மிதந்து, மூழ்கி, அளந்து அனுப்புற ஆர்கோ மிதவைகள் உலகம் முழுக்க ஏறத்தாழ 4,000. அந்தத் தரவு மொத்தமும் இலவசம். இன்னைக்கு ராத்திரியே டவுன்லோட் பண்ணி வங்காள விரிகுடாவோட வெப்பநிலையைப் படம் போட்டுப் பார்க்கலாம்.

ஆனா அறிவிப்போட கீழே சின்ன எழுத்துல இருக்கிறதையும் படிங்க. இந்த ப்ராஜெக்ட் வேலைகள் ஒப்பந்தம். திட்டம் இருக்கிற வரைக்கும்தான் வேலை. நான் சொன்ன கசப்பு இதுதான். திட்டம் அஞ்சு வருஷத்துல முடியும். மழை அப்படி முடியாது. வாக்கர் 20 வருஷம் ஒரே நாற்காலியில இருந்தார். அன்னா மணி 28 வருஷம் ஒரே துறையில இருந்தாங்க. ஓசோன் அளவீடு, கடல் வெப்பம் எல்லாமே விடாம அளந்தாத்தான் அர்த்தம் கொடுக்கும். ஒரு மிதவையைப் பராமரிக்கிற ஆளோட ஒப்பந்தம் முடிஞ்சு அடுத்த ஆள் வர ஆறு மாசம் ஆனா, அந்த ஆறு மாசத் தரவைப் பின்னாடி போய் எடுக்க முடியாது. நம்ம சர்வர் லாக்ல ஓட்டை விழுந்தா அந்த நாள் போனது போனதுதான் இல்லையா, அதே மாதிரி.

இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. 2025 பிப்ரவரியில அமெரிக்காவோட கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவுல பல நூறு பேரை ஒரேயடியா வேலையை விட்டு அனுப்பினாங்க. வேலைக்குப் புதுசு, இன்னும் உறுதி ஆகலைங்கறதுதான் காரணம். அப்புறம் சில ஊர்கள்ல வானிலை பலூன் விடறதையே குறைச்சாங்க. புயல் வந்து வேலை திறக்கற வேகத்தை விட, பட்ஜெட் வந்து மூடற வேகம் அதிகம்.

அதனால என்னோட கருத்து இது. டிகிரி இல்லையேங்கற கவலையை விடுங்க. பாறை ஆள், பூமராங் ஆள், வைர ஆள், மீன் ஆள் எல்லாரும் போன பாதைதான். உங்க வேலையைக் காட்ட ஏதாவது செஞ்சு வெச்சுக்கிட்டு விண்ணப்பம் போடுங்க. ஏற்கெனவே உள்ளே இருக்கிறவங்க, ஆள் எடுக்கிற குழுவுல உட்கார்றவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சான்றிதழ் பட்டியலை மூடி வெச்சுட்டு ஒரு தடவை அந்த ஆளோட வேலையைப் படிச்சுப் பாருங்க. வாக்கர் படிச்சார், 1913ல ஒரு கதவு திறந்தது. யாரும் படிக்காததால 1945ல ஒரு பட்டம் போச்சு.

வெளியில இருக்கிற நமக்கும் வேலை இருக்கு. சுனாமி நினைவு நாள் அன்னைக்கு மெழுகுவத்தி ஏத்தறதோட, அந்த எச்சரிக்கை மையத்துல ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவரோட வேலை நிரந்தரமா, ஒப்பந்தமான்னும் கேளுங்க. அடுத்த அலை வர்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி அது.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, வேலை மாறணும்னு புலம்பிக்கிட்டே இருக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.